கண்ட்ரோல் பிளாக் தீரப்போகிறது: சொந்தத் திசுவா, இன்னொரு லேபுடன் பரிமாற்றமா, விலைக்கு வாங்குவதா?

நோயாளியின் திசுவுக்கு நிறமேற்றும்போது (ஸ்டெயின்), அது சரியாக வேலை செய்ததா என்று பார்க்க, தேடும் பொருள் இருப்பது ஏற்கெனவே உறுதியான ஒரு திசுவையும் கூடவே ஓட்டுவோம், அதுதான் கண்ட்ரோல். மெழுகில் பதித்த திசுத் துண்டு பிளாக், அதிலிருந்து சீவியெடுக்கும் மெல்லிய ஏடு செக்‌ஷன். அமிலாய்டு (திசுவில் படியும் ஒரு வகைப் புரதம்) பிளாக்கில் இனி பத்துப் பதினைந்து செக்‌ஷன்தான் தேறும் என்று டெக்னீஷியன் வந்து சொல்லும் நாளில்தான் பெரும்பாலான நோயியல் ஆய்வகங்களில் இந்தப் பேச்சே எழுகிறது. ஒருவர் பழைய கேஸ்களில் தேடலாம் என்பார். இன்னொருவர், தெரிந்த லேபில் கேட்டால் ஒரு பிளாக் கொடுப்பார்கள், பதிலுக்கு நம்மிடம் இருக்கும் ஃபங்கஸ் பிளாக்கில் பாதியைக் கொடுத்துவிடலாம் என்பார். எதற்கு வம்பு, விலைக்கு வாங்கிவிடலாம் என்பவரும் இருப்பார். மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒரே ஸ்டெயினுக்கு மூன்றும் சரி இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓடுகிற ஸ்டெயின்களுக்குச் சொந்தத் திசு, எப்போதாவது வரும் அரிய நோய்களுக்குப் பரிமாற்றம், அளவு சொல்லி அறிக்கை தரவேண்டிய ஐஎச்சி (ஆன்டிபாடியைக் கொண்டு குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் முறை) சோதனைகளுக்கு வாங்கியதும் சொந்தமும் சேர்த்து.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அந்தத் திசு எங்கே ஃபிக்ஸ் ஆனது, அதாவது கெடாமல் இருக்க எங்கே ஃபார்மலினில் ஊறியது என்பது. மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால்தான். நோயாளியின் ஸ்லைடோடு கண்ட்ரோலும் ஓடுகிறது, கண்ட்ரோல் நன்றாக நிறம் பிடித்தால் நோயாளியின் நெகட்டிவை நம்புகிறோம். ஆனால் அந்தக் கண்ட்ரோல் வேறொரு லேபின் ஃபார்மலினில் ஊறி, வேறொரு பிராசஸரில் (திசுவின் நீரை அகற்றி மெழுகை ஏற்றும் கருவி) ஓடி வந்ததாக இருந்தால், அது உங்கள் ஸ்டெயின் சரியாக வேலை செய்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உங்கள் பக்கத்தில் திசு மூன்று மணி நேரம்தான் ஃபார்மலினில் இருந்தது, நடுப்பகுதி பச்சையாகவே பிராசஸருக்குள் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த கண்ட்ரோல் பளபளவென்று பாசிட்டிவ் காட்டும், நோயாளியின் திசு பொய்யாக நெகட்டிவ் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. மார்பகப் புற்றுநோயில் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய உதவும் ஈஆர், ஹெர்2 புரதச் சோதனைகளுக்கு 6 முதல் 72 மணி நேரம் ஃபார்மலினில் இருக்க வேண்டும், திசு உடலிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் கேட்பது சும்மா இல்லை.

இரண்டாவது, கண்ட்ரோல் எவ்வளவு பலவீனமானது என்பது. ஆம், பலவீனம்தான் வேண்டும். கிருமிகள் கும்பல் கும்பலாகக் கிடக்கும் காசநோய்த் திசு, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் பாதி கெட்டுப்போயிருந்தாலும் சிவப்பாகத்தான் தெரியும். தேடிப் பிடித்தால் நான்கைந்து கிருமி கிடைக்கும் திசுதான் ஸ்டெயின் தடுமாறுவதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு. ரூபாய் கணக்கு இல்லை, மைக்ரான் கணக்கு. 3 மில்லிமீட்டர் தடிமனான திசுவை 4 மைக்ரான் செக்‌ஷனாக வெட்டினால் ஏட்டுக் கணக்கில் 750 வரும். நடைமுறையில் அவ்வளவு வராது, ஏனென்றால் ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் (பிளாக்கைச் சீவும் கருவி) ஏற்றி முகத்தைச் சமப்படுத்தும்போதும் கொஞ்சம் வீணாகிறது, அதுவும் தேவைப்படும்போதெல்லாம் ஒன்றிரண்டாக வெட்டும் லேபில் வீணாவது வெட்டியதைவிட அதிகமாகவே இருக்கும். கிருமியோ ஃபங்கஸோ அந்த 3 மில்லிமீட்டரிலும் பரவி இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

அப்புறம் மிச்சம் இரண்டு: அந்தத் திசுவைக் கொடுக்க, வாங்க உரிமை இருக்கிறதா, அதோடு வரும் தாள்கள் ஆடிட்டில் நிற்குமா.

## சொந்தச் சேமிப்பு

ஃபிக்ஸேஷன் கேள்வியில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உங்கள் நோயாளியின் திசு கடந்த அதே பாதையைக் கண்ட்ரோலும் கடந்து வந்திருக்கிறது. செல் பிளாக்கை (திரட்டிய தனிச் செல்களின் பிளாக்) ஆல்கஹாலில் ஃபிக்ஸ் செய்யும் சைட்டாலஜி (செல் ஆய்வு) லேபாக இருந்தால் வேறு வழியே கிடையாது, வெளியிலிருந்து வரும் ஃபார்மலின் திசு எதுவும் உங்கள் மாதிரிக்காகப் பேசாது.

டான்சில், அப்பெண்டிக்ஸ், கல்லீரல், கணையம் இந்த நான்கும் கையில் இருந்தால் அன்றாட ஐஎச்சி ஆன்டிபாடிகளில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம். நான்கையும் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரே பிளாக்கில் பதித்து வைத்துக்கொண்டால் ஒரு செக்‌ஷனில் எல்லாம் வந்துவிடும். பல திசுக்களை ஒரே பிளாக்கில் அடைக்கும் இந்த யோசனையை ஹெக்டர் பட்டிஃபோரா 1986லேயே எழுதிவிட்டார், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு ஆள் நேரம். பழைய கேஸ்களில் தேட வேண்டும், நோயியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். யாருடைய வேலை என்று பெயர் போட்டு ஒப்படைக்காத லேபில் இது நடக்கவே நடக்காது.

இன்னொரு பொறி எந்தத் திசுவை எடுப்பது என்பதில். நோய் கண்டறியப் பயன்பட்ட பிளாக்கைச் சீவித் தீர்த்துவிடக் கூடாது, அந்த நோயாளிக்கு நாளை புதிதாக ஒரு மூலக்கூறு சோதனை தேவைப்படலாம். அமெரிக்க நோயியல் வல்லுநர் கல்லூரியின் விதிப்படி பிளாக்கை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் பலரும் அறிக்கை போன பிறகு ஜாடியில் மிஞ்சியிருக்கும் ஈரத் திசுவைத்தான் நாடுகிறார்கள். அது சட்டத்துக்குச் சரி, ஆனால் வாரக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்த திசு உங்கள் வழக்கமான ஃபிக்ஸேஷனைப் பிரதிபலிக்காது. சொந்தத் திசு என்ற ஒரே பெரிய லாபமும் அங்கே போய்விடுகிறது. கிராஸிங் மேசையில் (மாதிரியை வெட்டித் துண்டு எடுக்கும் இடம்) இருக்கும்போதே, போதுமான திசு உள்ள பெரிய மாதிரியிலிருந்து கண்ட்ரோலுக்கென்று ஒரு கேசட் (திசுத் துண்டு வைக்கும் சிறு பெட்டி) கூடுதலாக எடுத்து வைப்பதுதான் சரியான வழி.

நார்களைக் காட்டும் ரெட்டிகுலின், ட்ரைக்ரோம், சர்க்கரைப் பொருளைக் காட்டும் பாஸ், இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ், வயிற்றுத் திசுவில் ஹெலிகோபாக்டர் கிருமி, பொதுவான ஐஎச்சி எல்லாவற்றுக்கும் இதுதான். இவற்றுக்குப் போய் வெளியே கை நீட்ட வேண்டியதில்லை.

## லேபுகளுக்குள் பரிமாற்றம்

அமிலாய்டு, செம்பு சேரும் வில்சன் நோய்க் கல்லீரல், தொழுநோய், கிரிப்டோகாக்கஸ், நியூமோசிஸ்டிஸ் போன்ற ஃபங்கஸ்கள். சிறிய லேபில் இவையெல்லாம் எப்போதோ ஒரு முறை வரும், வருவதும் ஊசி பயாப்ஸியாக வரும், அதில் கண்ட்ரோலுக்கு எடுக்க என்ன இருக்கிறது? பெரிய லேபில் இதே நோய்களின் அறுவைத் திசு தேவைக்கு மேல் இருக்கும். இந்த மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தான் பரிமாற்றம். இதில் ஃபிக்ஸேஷன் கேள்வியை ஓரளவு விட்டுக்கொடுக்கலாம், ஏனென்றால் நன்றாக ஃபிக்ஸ் ஆன அயல் கண்ட்ரோல், கண்ட்ரோலே இல்லாமல் ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

எந்த வடிவில் கைமாறுகிறது என்பதைப் பொறுத்துச் செலவு முழுக்க மாறிவிடும்.

வெட்டிய ஸ்லைடு. கொடுப்பவருக்கு மனசுக்கு எளிது, பிளாக் தன்னிடமே இருக்கும். வாங்குபவருக்கு இது கடிகாரம் ஓடும் சரக்கு. வெட்டிய செக்‌ஷனில் பல ஆன்டிஜென்கள் (ஆன்டிபாடி பிடிக்கும் புரதங்கள்) காற்றிலும் ஈரத்திலும் மெல்ல மங்கும். மார்பக மார்க்கர்களுக்கு ஆறு வாரத்துக்கு மேல் பழைய செக்‌ஷன் வேண்டாம் என்பது வழிகாட்டுதல். அமிலாய்டைக் காட்டும் காங்கோ ரெட் சாயமும் இப்படித்தான், வெட்டி நாள்பட வைத்தால் பிடிப்பு குறையும், புதிதாக வெட்டுவதே நல்லது. அதற்கு 8 முதல் 10 மைக்ரான் தடிமன் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் கொடுப்பவர் வழக்கம்போல 4 மைக்ரானில் வெட்டி அனுப்பிவிடுவார், போலரைசர் (ஒளியை வடிகட்டும் கண்ணாடி) வழியே அமிலாய்டுக்குரிய ஆப்பிள் பச்சை சரியாகத் தெரியாமல் ஸ்டெயினைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பாரஃபின் பிளாக். எனக்குப் பிடித்தது இதுதான். அறை வெப்பத்தில் வருடக்கணக்கில் தாங்கும், நீங்கள் விரும்பிய தடிமனில் வெட்டலாம், நோயாளியின் செக்‌ஷன் இருக்கும் அதே ஸ்லைடில் ஒட்டலாம். வெயிலில் நின்ற வண்டிக்குள் பாரஃபின் இளகிவிடும் என்பதால் அனுப்பும்போது குளிர் பை வைக்க வேண்டும், அவ்வளவுதான். முழு பிளாக்கையும் கொடுக்க மனமில்லை என்றால் உருக்கி, திசுவை இரண்டாக வெட்டி, ஆளுக்கொன்றாகப் பதித்துக்கொள்ளலாம்.

ஃபார்மலினில் உள்ள ஈரத் திசு. இதைத் தவிர்த்துவிடலாம் என்பேன். கசியும், அனுப்ப விதிகள் அதிகம், போய்ச் சேரும் வரை ஃபிக்ஸேஷன் நேரம் ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு லாபம், உங்கள் பிராசஸரில் ஓட்டிக்கொள்ளலாம்.

சரி, பிளாக் வந்துவிட்டது. அதோடு என்ன தகவல் வந்தது? பல இடங்களில் பிளாக்கின் மேல் பென்சிலில் "ஏஎஃப்பி பாசிட்டிவ்" (அமிலத்தைத் தாங்கும், காசநோய் வகைக் கிருமி உண்டு) என்று மட்டும் இருக்கும். எந்த ஃபிக்ஸேட்டிவ், எத்தனை மணி நேரம், சாதாரண பிராசஸரா மைக்ரோவேவா, எலும்பென்றால் எதில் கால்சியம் நீக்கினார்கள், எந்த முறையில் எப்போது ஸ்டெயின் செய்து உறுதிப்படுத்தினார்கள் என்பதை ஒரு தாளில் கேட்டு வாங்குங்கள். கால்சியம் நீக்கிய கேள்வி அற்பமாகத் தோன்றும். அமிலத்தில் போட்டெடுத்த எலும்பு மஜ்ஜையில் இரும்பு கரைந்து போயிருக்கும், அதை பெர்ல்ஸ் கண்ட்ரோலாக வைத்துக்கொண்டு உங்கள் ஃபெரோசயனைடு கெட்டுவிட்டதாக நினைத்து பாட்டில் பாட்டிலாக மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஈடிடிஏ என்ற மென்மையான ரசாயனத்தில் நீக்கியது என்றால் இழப்பு குறைவு.

கொடுப்பவரின் மனநிலையையும் கணக்கில் எடுங்கள். தன்னிடம் இருப்பதில் பார்க்க அழகான, வண்டி வண்டியாகக் கிருமி உள்ள பிளாக்கைத்தான் பெருமையாகக் கொடுப்பார். நீங்கள் கேட்க வேண்டியது அதை அல்ல. சுமாரான பிளாக் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் வரும்.

வந்த பிளாக்கை வந்த அன்றே பயன்பாட்டில் இறக்காதீர்கள். பழைய கண்ட்ரோலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஓட்டி ஒப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் பிளாக் முழுதாகத் தீரும் வரை காத்திருக்காமல், கால்வாசி இருக்கும்போதே தேட ஆரம்பிப்பது. ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்ததோடு விடாமல், ஐம்பது செக்‌ஷனுக்கு ஒன்று என்பதுபோல ஏதாவது ஒரு இடைவெளி வைத்துக்கொண்டு, தேடும் பொருள் இன்னும் திசுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரானுலோமா (கிருமியைச் சுற்றித் திரளும் அழற்சி முடிச்சு) முடிந்துபோய் வெறும் நுரையீரலை வெட்டிக்கொண்டிருக்கும் பிளாக்குகள் எத்தனையோ.

உரிமை விஷயம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனின் 2004 மனிதத் திசுச் சட்டத்தில், உயிருடன் இருப்பவரின் திசுவைத் தர உறுதிக்குப் பயன்படுத்தத் தனி ஒப்புதல் தேவையில்லை, இறந்தவரின் திசு என்றால் ஒப்புதல் வேண்டும். உங்கள் இடத்தில் என்ன என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் ஒன்று பொது: கேஸ் எண் அப்படியே இருக்கும் பிளாக் வெளியே போகக் கூடாது. பெயர் இல்லையே என்பார்கள், ஆனால் ஆண்டும் வரிசை எண்ணும் இருந்தாலே கணினியில் ஆளைப் பிடித்துவிடலாம். புதிய கேசட்டில் மாற்றிப் பதித்து, புதிய குறியீடு போட்டு அனுப்ப வேண்டும். அந்த வேலையும் பரிமாற்றத்தின் செலவுதான், இலவசம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூளைத் திசு தனி வகை. அமிலாய்டுக்கு அல்சைமர் மூளை நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை, ஆனால் ஃபார்மலின் பிரியானை (மூளை நோயைத் தொற்றவைக்கும் புரதம்) செயலிழக்க வைக்காது, பாரஃபினில் பதித்த பிறகும் தொற்றும் தன்மை நிற்கும். ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைத்த விவரம் தாளில் இல்லாத மூளை பிளாக்கை வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம்.

பரிமாற்றம் இரண்டு லேபுக்குள்ளா, பல லேபுகளின் கூட்டாகவா? கூட்டாகச் சேரும்போது பொருளை ஓரிடத்தில் குவிப்பதைவிட, யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் பகிர்வது நல்லது என்று நினைக்கிறேன். ஒரே லேப் எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கும் ஏற்பாட்டில் அந்த ஒரு பிளாக் சரியில்லை என்றால் எல்லோரும் ஒரே தவறை ஒரே நேரத்தில் செய்வார்கள், ஒருவரை ஒருவர் ஒப்பிட்டாலும் எல்லாம் சரியாகவே தெரியும். பட்டியல் முறையில் வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் திசுக்கள் பலவகையாக இருக்கும்.

விலைக்கு வாங்குவதில் கிடைக்காத ஒரு லாபம் இதில் உண்டு. ஒரே பிளாக்கின் செக்‌ஷனை இரண்டு லேபும் ஸ்டெயின் செய்து, ஸ்லைடுகளை மாற்றிப் பார்த்துக்கொண்டால் உங்கள் ஸ்டெயின் எங்கே நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும். வெளித் தர மதிப்பீட்டின் முடிவு வர நாளாகும், இது அந்த வாரமே தெரியும்.

## விலைக்கு வாங்குவது

தாள்கள் ஒழுங்காக வரும், ஆடிட்டர் முகம் சுளிக்க மாட்டார், ஒப்புதல் பற்றிய தலைவலி விற்பவருடையது. எப்போதாவது ஓடும் ஸ்டெயினுக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்தால் காலாவதித் தேதி வரை கவலை இல்லை.

ஆனால் பெரும்பாலும் வெட்டிய ஸ்லைடாகத்தான் வரும். இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. தானியங்கி ஸ்டெயினரில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஆன்டிபாடி தனித்தனியாக விழுகிறது. கண்ட்ரோல் ஸ்லைடில் விழுந்தது என்பதற்காக நோயாளியின் ஸ்லைடிலும் விழுந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு திசுவும் ஒரே ஸ்லைடில் இருந்தால்தான் அது தெரியும். நோயாளியின் செக்‌ஷனை ஒட்ட இடம் விட்டு வரும் ஸ்லைடுகளும் விற்கிறார்கள், வாங்குவதாக இருந்தால் அதைக் கேளுங்கள். அப்படி ஒட்டும்போது கண்ட்ரோல் எந்தப் பக்கம் என்பது லேப் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ட்ரோலில் உள்ள கட்டியை நோயாளியின் கட்டியாகப் படிக்கும் ஆபத்து இருக்கிறது.

குறைந்தபட்ச ஆர்டர், பாதி பெட்டி காலாவதியாவது, லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போதெல்லாம் மறுபடி சரிபார்ப்பது, எந்த நிலையில் ஃபிக்ஸ் ஆனது என்று விற்பவர் சொல்லாமல் விடுவது, இவையெல்லாம் விலைச்சீட்டில் இருக்காது.

வாங்கியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது படிநிலை சொல்லும் சோதனைகள். ஹெர்2 கிட் ஒன்றில் எஸ்கே-பிஆர்-3 செல்கள் 3+, எம்டிஏ-எம்பி-175 செல்கள் 1+, எம்டிஏ-எம்பி-231 செல்கள் 0 என்று மூன்று படியும் வருகிறது. இந்த ஒழுங்கை ஒரு லேப் தன் அலமாரியிலிருந்து எடுத்துத் தொடர்ந்து தருவது கடினம். செல் வரிசையில் (ஆய்வகத்தில் வளர்த்த செல்கள்) ஸ்ட்ரோமா, அதாவது செல்களைச் சுற்றியுள்ள தாங்குதிசு, கிடையாது, அதனால் பின்னணி நிறம் ஏறுவதைக் காட்டாது. ஆகவே கூடவே சொந்த மார்பகத் திசு ஒன்றும் ஓட வேண்டும்.

## நாமே செய்துகொள்வது

கேண்டிடா, ஸ்டஃபிலோகாக்கஸ், ஈ.கோலை போன்றவற்றை நுண்ணுயிரியல் பிரிவில் வளர்த்து, ஒரு துண்டுத் திசுவில் ஊசியால் ஏற்றியோ அகாரில் கலந்தோ ஃபார்மலினில் போட்டு பிளாக் ஆக்கலாம். பாக்டீரியாவுக்கான கிராம், ஃபங்கஸுக்கான ஜிஎம்எஸ், பாஸ் மூன்றுக்கும் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம், உங்கள் ஃபிக்ஸேஷனே. இயல்பான திசு எதிர்வினை இருக்காது என்பதால் பயிற்சிக்கு ஆகாது, கண்ட்ரோலுக்கு ஆகும். காசநோய்க் கிருமியை இப்படி வளர்த்துச் செய்ய நினைக்க வேண்டாம், அதற்கான பாதுகாப்பு வசதி வேறு.

## எந்த ஸ்டெயினுக்கு எது

| ஸ்டெயின் | முதல் தேர்வு | அது இல்லாவிட்டால் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| ரெட்டிகுலின், ட்ரைக்ரோம், பாஸ் | சொந்தம் | தேவைப்படாது | கல்லீரல், சிறுநீரகம் வந்துகொண்டே இருக்கும் |
| ஜீல்-நீல்சன் (காசநோய்க் கிருமி) | சொந்தம் | பரிமாற்றம் | கிருமி குறைவான திசுவும் ஒன்று வேண்டும் |
| ஃபைட் (தொழுநோய்க் கிருமி) | பரிமாற்றம் | விலைக்கு | தொழுநோய்த் திசுவே வேண்டும், காசநோய்த் திசு ஈடாகாது |
| ஜிஎம்எஸ், கிராம் | நாமே செய்தது | சொந்தம் | இடையிடையே சோதிக்கவும் |
| காங்கோ ரெட் | பிளாக்காகப் பரிமாற்றம் | விலைக்கு | தடிமன், புதிதாக வெட்டுதல் |
| ரோடனைன் (செம்பு) | பரிமாற்றம் | விலைக்கு | வில்சன் கல்லீரல் அரிது, கஞ்சமாக வெட்டவும் |
| பொது ஐஎச்சி | சொந்தப் பல்திசு பிளாக் | பரிமாற்றம் | பலவீனமாக நிறம் பிடிக்கும் இடத்தைக் குறித்து வைக்கவும் |
| ஹெர்2 போன்றவை | விலைக்கும் சொந்தமும் | இரண்டும் வேண்டும் | பின்னணி நிறத்துக்குச் சொந்தத் திசு |

ஃபைட் வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொழுநோய்க் கிருமி அமிலத்தைத் தாங்கும் திறன் குறைந்தது, அதனால்தான் பாரஃபின் நீக்கும்போதே எண்ணெய் சேர்த்து அதன் உறையைக் காப்பாற்றுகிறோம். முரட்டுக் காசநோய்க் கிருமி அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே நிறம் பிடித்துவிடும், எண்ணெய் சேர்க்க மறந்திருந்தாலும் கண்ட்ரோல் தேறிவிடும்.

## உங்கள் நிலை என்ன

பெரிய அறுவை மாதிரிகள் வரும் லேபாக இருந்தால் உங்களுக்குப் பரிமாற்றத்தில் கொடுக்கும் பக்கம்தான் அதிகம் வரும். எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தாலும், ஒவ்வொரு வகையிலும் கடைசி பிளாக் வெளியே போகாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி மட்டும் வரும் சிறிய லேப் என்றால் சொந்தச் சேமிப்பு ஓரளவுக்கு மேல் வளராது. ஸ்டெயின் பட்டியலையே குறைப்பதும் ஒரு தேர்வுதான். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ரோடனைனுக்காகக் கண்ட்ரோல் தேடி, ரீஏஜென்ட் வாங்கி, சரிபார்த்து வைப்பதைவிட அந்த பிளாக்கை அதைத் தினமும் செய்யும் லேபுக்கே அனுப்பிவிடலாம். திசுவைக் கடன் வாங்குவதற்குப் பதில் வேலையைக் கொடுத்துவிடுகிறீர்கள், நோயாளிக்கும் அதுவே பத்திரம்.

புதிதாகத் தொடங்கும் லேபில் முதல் நாளே சொந்தத் திசு இருக்காது. முதலில் வாங்கியோ கேட்டோ ஓட்டுங்கள், ஆனால் கிராஸிங் மேசையில் கூடுதல் கேசட் எடுக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். எடுத்த ஒவ்வொரு கேசட்டிலும் ஃபார்மலினில் இருந்த மணி நேரத்தை எழுதி வையுங்கள். பின்னால் இன்னொரு லேப் உங்களிடம் கேட்கும்போது அந்தத் தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடலாம்.